யர்மூக் கரையின் அல்-ஹம்மா: வக்ஃப் ரயில் நின்றுபோன கிராமம்

யர்மூக் என்றதும் நம் நினைவுக்கு வருவது போர்க்களம். ஹிஜ்ரி 15ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 636இல், ரோமப் பேரரசின் பெரும்படையை முஸ்லிம்கள் வென்ற களம் அது. அபூ உபைதா (ரலி), காலித் பின் வலீத் (ரலி) ஆகியோரின் பெயர்களோடு மதரஸாப் பருவத்திலேயே நம் காதில் விழுந்த ஆறு. அதே ஆற்றின் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,270 ஆண்டுகள் கழித்து ஒரு ரயில் பாதை போடப்பட்டது. உலக முஸ்லிம்களின் காணிக்கைப் பணமும் அதில் கலந்திருந்தது. அந்தப் பாதையின் ஓரத்தில் அல்-ஹம்மா என்றொரு சிற்றூர் இருந்தது. முந்நூறு பேருக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த ஊர். இன்று அங்கே நிலையக் கட்டடம் இருக்கிறது, ரயில் இல்லை. பள்ளிவாசல் இருக்கிறது, தொழுகை இல்லை.

ஹிஜாஸ் ரயில்வேயைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போதும் பேசும்போதும் டமாஸ்கஸிலிருந்து மதீனா வரையிலான முதன்மைப் பாதையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த முதன்மைப் பாதைக்குத் தண்டவாளமும் எந்திரமும் கொண்டுசேர்த்த கிளைப் பாதை ஒன்று உண்டு. மத்தியதரைக் கடலின் ஹைஃபா துறைமுகத்தில் தொடங்கி, மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியைக் கடந்து, அஃபூலா, பைஸான் வழியே ஜோர்தான் ஆற்றை அடைந்து, தபரிய்யா ஏரியின் தென்கரையில் உள்ள சமக்கைத் தொட்டு, யர்மூக் பள்ளத்தாக்கில் ஏறி, தர்ஆவில் முதன்மைப் பாதையோடு சேர்வது அது. நீளம் சுமார் 160 கிலோமீட்டர். சமக்கைத் தாண்டிப் பள்ளத்தாக்கின் வாய்க்குள் நுழைந்ததும் வரும் ஊர்தான் அல்-ஹம்மா.

ஊரின் பெயரே அதன் கதையைச் சொல்லும். 'ஹம்மா' என்றால் அரபியில் வெந்நீர் ஊற்று. கந்தக மணம் வீசும் வெந்நீர் ஊற்றுகள் ஆற்றோரத்தில் பொங்குகின்றன. அவற்றுள் மிகச் சூடானதன் வெப்பம் ஏறக்குறைய 50 டிகிரி. தெற்கே, ஆற்றுக்கு அப்பால் உள்ள குன்றின் மேல் கதாரா என்ற பழைய ரோம நகரம் இருந்தது. இன்று அது உம்மு கைஸ் என்ற பெயரில் ஜோர்தானில் உள்ளது. கதாராவின் மக்களும் தொலைதூரத்து நோயாளிகளும் வந்து நீராட, ரோமர்கள் இங்கே பெரிய குளியல் மண்டபங்களை எழுப்பினர்.

இந்த மண்டபங்களில் கிடைத்த கல்வெட்டு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அகழாய்வில் கண்டெடுக்கப்பட்ட அது கிரேக்க மொழியில் பொறிக்கப்பட்டது. முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் இக்குளியல் மண்டபம் பழுதுபார்க்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. காலத்தைக் குறிக்கும்போது ரோம முறையிலான கணக்கோடு 'அரபியரின் ஆண்டு 42' என்றும் எழுதியிருக்கிறார்கள். நமது ஹிஜ்ரிக் கணக்குதான் அது, கி.பி. 662, டிசம்பர் 5. 'அமீருல் முஃமினீன்' என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே கிரேக்க எழுத்துகளில் பெயர்த்திருக்கிறார்கள். கல்வெட்டின் தொடக்கத்தில் சிலுவைக் குறி இருக்கிறது. வேலையைக் கவனித்தவர் கதாராவைச் சேர்ந்த யோவான் என்ற கிறிஸ்தவ அதிகாரி. நோயாளிகள் குணம் பெறுவதற்காகவே பழுதுபார்த்ததாகவும் அதில் குறிப்பு உண்டு. வெற்றிகொண்ட நாட்டில், முந்தைய அரசு கட்டிய பொதுச் சொத்தை இடிக்காமல், பூட்டிவைக்காமல், உள்ளூர்க் கிறிஸ்தவரின் பொறுப்பிலேயே மக்களின் பயன்பாட்டுக்குத் திரும்பத் தந்த ஆட்சி அது. யர்மூக் போர் முடிந்து அப்போது இருபத்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் மேடைகளில் போரைப் பற்றிப் பேசப்படுவதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசப்படுவதில்லை என்பது என் குறை.

கி.பி. 749இல் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் மண்டபங்களைச் சிதைத்தது. ஊற்றுகள் ஓயவில்லை, ஆனால் ஊர் சுருங்கிப்போனது. ரயில் வரும்வரை அதுவே நிலை.

ரயில் வந்ததன் காரணம் ஹஜ். டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஒட்டகச் சாரையில் செல்ல ஏறக்குறைய நாற்பது நாள்கள் ஆகும். வெயில், தண்ணீர்ப் பஞ்சம், கொள்ளை, நோய் என அத்தனையும் வழித்துணை. 1900ஆம் ஆண்டு மே மாதத்தில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஹிஜாஸ் ரயில்வேக்கான ஆணையை வெளியிட்டார். ஹாஜிகளின் சிரமத்தைப் போக்குவது நோக்கங்களுள் ஒன்று. ஹிஜாஸுக்கும் யமனுக்கும் படைகளை விரைவாக அனுப்புவதும், கலீஃபா என்ற முறையில் உலக முஸ்லிம்களின் பார்வையைத் தம் பக்கம் ஈர்ப்பதும் மற்ற நோக்கங்கள். இதைச் சொல்வதால் சுல்தானின் நல்லெண்ணத்தைக் குறைத்து மதிப்பிட்டதாக ஆகாது. அரசர்கள் ஒரு கல்லை எறிந்தால் இரண்டு மூன்று கனிகள் விழ வேண்டும் என்றே கணக்கிடுவார்கள்.

ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்கி ஏற்கெனவே மூழ்கியிருந்த அரசு அது. ஆகவே இந்தப் பாதைக்கு மட்டும் வெளிநாட்டுக் கடன் வேண்டாம், முஸ்லிம்களின் பணமே போதும் என்று அறிவித்தார்கள். சுல்தான் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துத் தொடங்கிவைத்தார். எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஏனைய முஸ்லிம் நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. நம் நாட்டில் ஹைதராபாத்தின் முல்லா அப்துல் கய்யூமும், பஞ்சாபின் பத்திரிகையாசிரியர் முஹம்மத் இன்ஷா அல்லாஹ்வும் இதற்காக ஊக்கத்தோடு உழைத்தார்கள். கொடுத்தவர்களுக்குத் தொகைக்கேற்ப நிக்கல், வெள்ளி, தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. உஸ்மானிய நாட்டில் குர்பானித் தோல்களை விற்ற பணமும் இந்த நிதியில் சேர்ந்தது. ஈதுல் அள்ஹா நாளில் வீடு வீடாகத் தோல் சேகரிக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டல்லவா? அந்தத் தோல் பணம் தண்டவாளமாக மாறியதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் வரலாற்றை எழுதுகிறவன் ஒன்றை மறைக்கக்கூடாது. மொத்த நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நன்கொடை. அதிலும் அரசு ஊழியர்களின் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொண்ட தொகை அடக்கம். மீதமுள்ளவை முத்திரைக் கட்டணங்களும் பல்வேறு வரிகளும். எல்லாமே மனமுவந்து கொடுத்த ஸதகா அன்று. ஆனால் ஏழைக் குடியானவனிடமிருந்து பிடித்தம் செய்த காசுக்குக் கடமை கூடுமே தவிரக் குறையாது.

இனி, இந்தப் பாதை யர்மூக் பள்ளத்தாக்குக்குள் ஏன் நுழைந்தது என்பதைப் பார்ப்போம். டமாஸ்கஸுக்குக் கடலிலிருந்து ஏற்கெனவே ஒரு ரயில் பாதை இருந்தது. 1895இல் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று பெய்ரூத்திலிருந்து லெபனான் மலையைக் கடந்து டமாஸ்கஸுக்குப் போட்ட பாதை அது. ஹிஜாஸ் ரயில்வேயின் தண்டவாளங்களும் எந்திரங்களும் அதன் வழியேதான் வந்தாக வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனி கேட்ட சரக்குக் கட்டணமோ மிக அதிகம். முஸ்லிம்களின் காணிக்கைப் பணம் பிரெஞ்சுப் பங்குதாரர்களின் பைக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு மாற்றாகச் சொந்தத் துறைமுகமும் சொந்தப் பாதையும் தேவைப்பட்டன. ஹைஃபாவிலிருந்து கிழக்கே பாதை போட உரிமம் பெற்றிருந்த ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று சில கிலோமீட்டர் மட்டும் போட்டுவிட்டுக் கைவிட்டிருந்தது. அந்த உரிமத்தை உஸ்மானிய அரசு விலைக்கு வாங்கிப் பணியைத் தொடர்ந்தது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,050 மில்லிமீட்டர் என்ற வழக்கத்துக்கு மாறான அகலம், பிரெஞ்சுக்காரரின் பாதையோடு பொருந்த வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஹைஃபாப் பாதையும் அதே அகலத்தில் அமைந்தது. நம் நாட்டு மீட்டர் கேஜைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதல்.

சமவெளிப் பகுதி எளிதாக முடிந்தது. சிரமம் அதற்குப் பின்னரே தொடங்கியது. ஜோர்தானும் யர்மூக்கும் கூடும் இடத்துக்கு அருகில் ஜிஸ்ருல் மஜாமிஃ என்ற பழைய கல்பாலம் உண்டு. அதன் பக்கத்தில் ரயில் பாலமும் நிலையமும் அமைந்தன. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 246 மீட்டர் கீழே இருந்த அந்நிலையம், உலகிலேயே மிகத் தாழ்வான ரயில் நிலையம் என்று பெயர் பெற்றது. அங்கிருந்து கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே உள்ள தர்ஆவுக்கு ரயில் ஏறியாக வேண்டும். 750 மீட்டருக்கும் கூடுதலான இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி யர்மூக்கின் குறுகிய, வளைந்து வளைந்து செல்லும் பள்ளத்தாக்குக்குள்தான். பாதை ஆற்றை மாறி மாறிக் கடந்தது. பாறையைக் குடைந்து சுரங்கங்களுக்குள் புகுந்தது. தலைமைப் பொறியாளர் ஜெர்மானியரான மைஸ்னர் பாஷா. உடலுழைப்பு பெரும்பாலும் உஸ்மானியப் படைவீரர்களுடையது. பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இத்தாலியர் போன்ற வெளிநாட்டுக் கைவினைஞர்கள். கோடையில் தகிக்கும், கொசுக்கள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கில் நோயுற்று மாண்ட எளிய சிப்பாய்களுக்குப் பதக்கம் ஏதும் இல்லை.

1905இல் ஹைஃபாவிலிருந்து தர்ஆ வரை ரயில் ஓடியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1908இல், முதன்மைப் பாதை மதீனாவை எட்டியது. டமாஸ்கஸிலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர்; நாற்பது நாள் பயணம் மூன்று நாளாகச் சுருங்கியது. மக்காவுக்கு அது ஒருபோதும் போய்ச்சேரவில்லை. நம் நாட்டு ஹாஜிகள் பெரும்பாலும் கப்பலில் ஜித்தாவில் இறங்கியவர்கள். ஆகவே இந்தியாவிலிருந்து பணம் கொடுத்தவர்களில் மிகப் பலர் அந்த ரயிலில் கால் வைத்ததே இல்லை. கொடுத்ததன் பலனைத் தாம் அனுபவிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் கொடுத்தவர்கள் அவர்கள்.

அல்-ஹம்மாவுக்கு இந்த ரயில் என்ன கொண்டுவந்தது? ஆற்றோரக் குக்கிராமம் ஒரு பக்கம் கடல் துறைமுகத்தோடும் மறுபக்கம் டமாஸ்கஸோடும் ஒரே நேரத்தில் இணைந்தது. ஹவ்ரான் மேட்டுநிலத்துக் கோதுமை மூட்டைகள் இந்த வழியே ஹைஃபாவுக்கு இறங்கின. சிறிய துறையாக இருந்த ஹைஃபா பெருநகரமாக வளர்ந்ததில் இப்பாதைக்குப் பெரும் பங்குண்டு. வெந்நீர் ஊற்றுகளைத் தேடி வருவோருக்குக் கழுதைச் சவாரி தேவைப்படவில்லை. நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். ரோமர் காலத்துக்குப் பிறகு, முஆவியா (ரலி) காலத்துக்குப் பிறகு, வெளியூர் மக்கள் திரளாக அங்கே வரத் தொடங்கியது ரயிலால்தான்.

பத்தாண்டுகளுக்குள் உலகப் போர் மூண்டது. ஹாஜிகளுக்கென்று போட்ட பாதையில் படைகளும் பீரங்கிகளும் போயின. பாலஸ்தீனப் போர்முனையில் நின்ற உஸ்மானியப் படைக்கு உணவும் ஆயுதமும் டமாஸ்கஸிலிருந்து யர்மூக் பாலங்களின் வழியே வந்தன. அவற்றில் ஒன்று விழுந்தாலும் அந்தப் படை தவித்துப்போகும் என்பது ஆங்கிலேயருக்குத் தெரியும். 1917 நவம்பர் 7ஆம் நாள் இரவில், அல்-ஹம்மாவுக்கு மேலே பள்ளத்தாக்கின் உட்பகுதியில் உள்ள தல்லுஷ் ஷிஹாப் பாலத்தைத் தகர்க்க டி. இ. லாரன்ஸ் ஒரு குழுவோடு வந்தார். இருளில் ஒருவரின் துப்பாக்கி கைதவறிப் பாறையில் விழுந்த ஓசை காவலர்களை எழுப்பிவிட்டது. வெடிமருந்துச் சுமைகளைப் பள்ளத்தில் எறிந்துவிட்டுத் தப்பி ஓடினார்கள். லாரன்ஸோடு வந்தவர்களில் இந்திய இயந்திரத் துப்பாக்கிப் படையினரும் இருந்தார்கள். அவர்களின் தலைவராக வந்த ஜமேதார் ஹசன் ஷா ஒரு முஸ்லிம். இந்திய முஸ்லிம்கள் காசு கொடுத்துப் போட்ட பாதையை உடைக்க, ஆங்கிலேயரின் சம்பளத்தில் ஓர் இந்திய முஸ்லிம் அனுப்பப்பட்டார். அடிமைப்பட்ட நாட்டின் நிலை அப்படி. அவரை நாம் குறை கூறுவதற்கில்லை.

பாலம் அன்று தப்பியது. ஆனால் ஆட்சி தப்பவில்லை. 1918 செப்டம்பர் 25 அதிகாலையில் சமக் நிலையத்தில் கடும் சண்டை நடந்தது. ஜெர்மானியரும் துருக்கியரும் காத்து நின்ற அந்நிலையத்தை ஆஸ்திரேலியக் குதிரைப்படை கைப்பற்றியது. சில நாள்களில் தர்ஆவும் டமாஸ்கஸும் வீழ்ந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இக்கட்டுரையின் மையம். ஒரே சொத்து, ஒரே பாதை. அதன் மேல் நான்கு ஆட்சிகள். பாலஸ்தீனமும் ஜோர்தானும் ஆங்கிலேயரிடம், சிரியா பிரெஞ்சுக்காரரிடம், ஹிஜாஸ் முதலில் ஷரீஃப் ஹுசைனிடமும் பின்னர் சவூதியரிடமும். 1923இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வரைந்த எல்லைக் கோடு யர்மூக் பள்ளத்தாக்கில் நாக்குப் போல நீளும் ஒரு நிலத்துண்டைப் பாலஸ்தீனத்தோடு சேர்த்தது. அந்த நாக்கில்தான் அல்-ஹம்மா இருந்தது. தர்ஆவை நோக்கிப் போகும் ரயிலுக்கு அது பாலஸ்தீனத்தின் கடைசி நிலையமாயிற்று. மேற்கே ஆங்கிலேயரின் பாலஸ்தீன ரயில்வே, கிழக்கே பிரெஞ்சுக் கம்பெனி. எந்தக் கம்பெனியின் கட்டணத்திலிருந்து விடுபடுவதற்காக இந்தப் பள்ளத்தாக்கைக் குடைந்தார்களோ, அதே கம்பெனியின் கைக்குச் சிரியப் பகுதி போய்ச்சேர்ந்தது!

முஸ்லிம்கள் சும்மா இருக்கவில்லை. இது வக்ஃப் சொத்து என்றார்கள். வக்ஃபின் இலக்கணம் நமக்குத் தெரிந்ததே. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி அது: மூலப்பொருள் அப்படியே இருக்க வேண்டும், பயன் மக்களுக்குச் சேர வேண்டும், அதை விற்கவும் முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்கவும் முடியாது, வாரிசுகளுக்குப் பிரிக்கவும் முடியாது. விற்க முடியாத பொருளைப் போரில் வென்றவர் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

1923 ஜனவரியில் லோசான் மாநாட்டில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் பிரதிநிதிகள் ஓர் அறிவிப்பைச் செய்தார்கள். ஹிஜாஸ் ரயில்வேயின் சமயத் தன்மையை ஏற்கிறோம் என்றார்கள். சிரியா, பாலஸ்தீனம், ஜோர்தான், ஹிஜாஸ் ஆகியவற்றிலிருந்து நான்கு முஸ்லிம்களும், ஹஜ்ஜில் அக்கறையுள்ள பிற முஸ்லிம் நாடுகளிலிருந்து இருவரும் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று மதீனாவில் அமையும் என்றார்கள். காதுக்கு இனிமையான சொற்கள். ஆனால் 'ஆலோசனை' என்ற சொல்லுக்குள்தான் சூட்சுமம் இருந்தது. சொத்தும் வருவாயும் நிர்வாகமும் ஆட்சியாளர்களிடமே. ஹாஜிகளின் வசதி பற்றி ஆலோசனை சொல்ல மட்டும் முஸ்லிம்கள். நம் ஊர்களில் சாவியையும் கணக்கையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை ஜமாஅத்தைக் கூட்டித் தேநீர் கொடுக்கும் முதவல்லியைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1931 டிசம்பரில் ஜெருசலேமில் உலக முஸ்லிம் மாநாடு கூடியது. இந்தியாவிலிருந்து மௌலானா ஷவ்கத் அலியும் அல்லாமா இக்பாலும் சென்றிருந்தார்கள். அங்கும் ஹிஜாஸ் ரயில்வேயை முஸ்லிம்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. கோரிக்கையாகவே நின்றது.

இதில் நம்மவர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். எல்லைகள் வரையப்பட்ட பின் ஒவ்வொரு நாட்டு முஸ்லிம் தலைவர்களும் தத்தம் எல்லைக்குள் இருந்த துண்டையே பார்த்தார்கள். மதீனாவுக்குப் போகும் பாதை பாலைமணலில் கிடந்தபோது அதைச் செப்பனிடும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு பல பதிற்றாண்டுகள் இழுத்தது. வக்ஃப் முழுமைக்கும் முதவல்லி என்று ஒருவரும் இல்லை.

அல்-ஹம்மாவின் அன்றாட வாழ்க்கை இதற்கிடையிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. 1930களில் வெந்நீர் ஊற்றுகளை நடத்தும் உரிமம் லெபனானைச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. தங்குமிடமும் குளியலறைகளும் எழுந்தன. குளிர்காலத்தில் மூட்டுவலிக்காரர்களும் குடும்பத்தோடு ஓய்வெடுக்க வருவோரும் ஹைஃபாப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தார்கள். அந்தச் சிற்றூரின் மிகச் செழிப்பான காலம் இதுவே.

1946 ஜூன் 16ஆம் நாள் இரவு. யூதர்களின் ஆயுதப் படையான பல்மாக், பாலஸ்தீனத்தை அண்டை நாடுகளோடு இணைத்த பாலங்களை ஒரே இரவில் குறிவைத்தது. 'பாலங்களின் இரவு' என்று வரலாற்று நூல்கள் அதைக் குறிக்கின்றன. தகர்ந்தவற்றுள் அல்-ஹம்மாவுக்கு அருகே யர்மூக்கின் மேல் இருந்த ரயில் பாலமும் ஒன்று. இரும்புச் சட்டங்கள் ஆற்றில் சரிந்தன. 1917இல் மேலே ஒரு பாலம் தப்பிய ஆற்றிலேயே, கீழே இன்னொரு பாலம் விழுந்தது. ஹைஃபாவுக்கும் தர்ஆவுக்கும் இடையிலான தொடர்ச்சி அன்று அறுந்தது. பிறகு அது இணைக்கப்படவே இல்லை. 1948 மே மாதத்தில் ஜிஸ்ருல் மஜாமிஃ பாலங்களும் தகர்க்கப்பட்டன. சமக், பைஸான் என்று பாதையோரத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் அரபு மக்களை இழந்தன.

அல்-ஹம்மாவின் கதை சற்று வேறானது. 1949 ஜூலையில் சிரியாவும் இஸ்ரேலும் செய்த போர்நிறுத்த உடன்படிக்கையில் இந்தப் பகுதி படைகள் நுழையக்கூடாத நிலமாக அறிவிக்கப்பட்டது. உண்மையில் சிரியரின் கையில் இருந்தது. 1951 ஏப்ரல் 4இல் அங்கே வந்த இஸ்ரேலியக் காவலர்கள் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; மறுநாள் இஸ்ரேலிய விமானங்கள் அல்-ஹம்மாவின் மேல் குண்டு வீசின. ரயிலில் வந்தவர்கள் குளித்து ஓய்வெடுத்த கிராமம் அது. 1967 ஜூன் போரில் இஸ்ரேல் அதைக் கைப்பற்றியது. அதன் பின் அங்கே பழைய குடிமக்கள் எவரும் இல்லை.

ஊற்றுகள் இன்றும் பொங்குகின்றன. ஹமத் கதேர் என்ற பெயரில் அது இப்போது இஸ்ரேலின் புகழ்பெற்ற உல்லாசத் தலம். குளங்கள், உணவகங்கள், முதலைப் பண்ணை எல்லாம் உண்டு. அவற்றுக்கு நடுவே கிராமத்துப் பள்ளிவாசலின் மினாரா நிற்கிறது. பாங்கு சொல்ல ஆளில்லை. ரயில் நிலையக் கட்டடமும் நிற்கிறது.

வக்ஃப் என்ற கோரிக்கை என்னாயிற்று என்று கேட்கலாம். ஜோர்தானிலும் சிரியாவிலும் ஹிஜாஸ் ரயில்வே என்ற பெயரிலேயே நிறுவனங்கள் நீடிக்கின்றன. தம் வசமுள்ள நிலங்களையும் நிலையங்களையும் வக்ஃப் என்றே அவை கூறுகின்றன. அம்மானில் அவ்வப்போது பழைய நீராவி ரயில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுவதும் உண்டு. மதீனாவின் பழைய நிலையம் அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. ஹைஃபாவில் கிழக்கு நிலையம் ரயில் அருங்காட்சியகமாகிவிட்டது. அங்கே சுல்தான் அப்துல் ஹமீதின் பெயரால் எழுப்பிய கல்தூண் இன்னும் இருக்கிறது. எல்லைக்கு மேற்கே பாதையும் நிலமும் 1948க்குப் பின் அரசின் சொத்தாக மாறின. 2016இல் ஹைஃபாவிலிருந்து பைஸானுக்கு, இப்போது பெய்த் ஷெஆன் என்ற பெயரில், புதிய அகலத்தில் மீண்டும் ரயில் விட்டார்கள். பழைய சமவெளித் தடத்தைப் பெரும்பாலும் ஒட்டியே அது ஓடுகிறது. யர்மூக்குக்கு அது வருவதில்லை.

ஜோர்தானுக்கு ஜியாரத் பயணம் செல்லும் நம் மக்களில் சிலரை வழிகாட்டிகள் உம்மு கைஸுக்கும் அழைத்துச் செல்கிறார்கள். அந்தக் குன்றின் மேல், ரோமரின் கருங்கல் தூண்களுக்கு இடையே நின்று வடக்கே பார்த்தால் தபரிய்யா ஏரியும் ஜவ்லான் மேடும் தெரியும். பெரும்பாலோர் ஏரியைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சற்றுக் கீழே, காலடியில் பார்க்க வேண்டும். பள்ளத்தின் அடியில் பச்சைக் கோடாக ஓடுவது யர்மூக். அதன் ஓரத்து வளைவில் மரங்களுக்கு நடுவே தெரியும் கட்டடங்கள்தான் அல்-ஹம்மா. ஆற்றுக்கு இப்பால், ஜோர்தான் பக்கத்தில், முகைபா என்ற கிராமம் இருக்கிறது. அங்கேயும் அதே வெந்நீர் ஊறுகிறது. வியாழன், வெள்ளிகளில் குடும்பங்கள் வந்து குளித்துப் போகின்றன.